வீணையை உறைக்குள் போட்டுவிட்ட அம்மாக்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரில் என் வீட்டுக் கூடத்தில் 24 வருஷமாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம் வருவார்கள். காலை பத்தரை மணி வகுப்பு வேறு மாதிரி. கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம், பத்து வருஷம் வாசித்து, வர்ணமும் கீர்த்தனையும் கைக்கு வந்தபின், பிள்ளை பெற்றதோடு நிறுத்திவிட்டவர்கள் அந்த நேரத்துக்கு வருகிறார்கள். முதல் நாள் யாரும் நேராக வீணைக்குப் போவதில்லை. குழந்தையின் பால், தூக்கம், தடுப்பூசி என்று பேசிவிட்டு, கிளம்பும்போது வாசற்படியில் நின்று ஒரு கேள்வி கேட்பார்கள். அப்படி வாசற்படியில் கேட்ட கேள்விகள்தான் இவை.

நானும் மூத்தவன் பிறந்த பிறகு நாலு வருஷம் வீணையைத் தொடவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. "கொஞ்சம் பெரியவனாகட்டும்" என்று நானே தள்ளிப் போட்டேன். அந்த நாலு வருஷத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

குழந்தை பிறந்து எத்தனை நாள் கழித்து வீணையைத் தொடலாம்?

தொடுவது வேறு, மடியில் வைத்து உட்கார்வது வேறு. தொடுவதற்கு நாள் கணக்கு வேண்டாம். வீட்டுக்கு வந்த வாரமே யாரையாவது உறையைக் கழற்றி உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுத்தபடியே ஒரு தந்தியைச் சுண்டலாம்.

உட்கார்ந்து வாசிக்க உடம்பு தேற வேண்டும். சம்மணம் போட்டு, வீணையின் குடம் வலப்பக்கம் தரையில், மறுமுனைச் சுரைக்காய் இடது தொடைமேல், முதுகு சாய்மானமில்லாமல் அரை மணி இருக்க வேண்டும். சுகப்பிரசவத்தில் தையல் போட்டிருந்தால் சம்மணமே முதலில் வலிக்கும். சிசேரியன் என்றால், மெட்டை (தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கும் உலோகப் பட்டை) பார்க்கக் குனியும்போது அடிவயிறு இழுக்கும். வழக்கமாக ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் போவீர்கள் இல்லையா? அன்றைக்கு "தரையில் சம்மணம் போட்டு அரை மணி உட்காரலாமா?" என்றும் கேளுங்கள். வண்டி ஓட்டலாமா, மாடிப்படி ஏறலாமா என்று கேட்டவர்கள் உண்டு. இதைக் கேட்டதாக என்னிடம் வந்தவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. அவர்களுக்கே அது கேட்கத் தகுந்த கேள்வியாகத் தோன்றவில்லை என்பது எனக்கு வருத்தம்.

வீணையைத் தூக்கும் வேலை மட்டும் வேண்டாம். பலா மரம். பச்சை உடம்போடு தூக்குகிற கனமில்லை.

தீட்டு என்று சொல்லி வீட்டில் தொட விடமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

பதினோரு நாளா, நாற்பது நாளா என்பது வீட்டுக்கு வீடு மாறும். பால் கட்டி, தூக்கம் கெட்டு இருக்கும் நேரத்தில் அதற்காகச் சண்டை போடச் சொல்லமாட்டேன். ஆனால் காலண்டரில் நாற்பத்தோராம் நாளை வட்டம் போட்டு, "அன்னைக்கு நான் வீணை எடுக்கிறேன்" என்று இப்போதே எல்லார் காதிலும் போட்டுவையுங்கள். சீமந்தத்தன்று கர்ப்பிணி கேட்க வீணை வாசிப்பது பழைய வழக்கம். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு நல்லது என்று நம்பிய வீடு, வெளியே வந்த பிள்ளைக்கும் அவளுக்கும் அதே வீணை நல்லது என்பதைக் கேட்டுக்கொள்ளும். நான் பார்த்த வீடுகள் பலவற்றில் கேட்டுக்கொண்டார்கள்.

இடது கை விரலில் இருந்த காய்ப்பு முழுக்கப் போய்விட்டது. தந்தியை அழுத்தினால் கத்தி வைத்ததுபோல் வலிக்கிறது.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தி பட்டுக் காய்த்து, குறுக்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வீணைக்காரியை விரலைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். ஒரு மாணவி என்னிடம் அழுதது இதற்காகத்தான். குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஒரு நாள் விரல் நுனியைப் பார்த்திருக்கிறாள். எண்ணெயும் வெந்நீரும் பட்டுப் பட்டு, குழந்தையின் விரல்போலவே மழமழவென்று இருந்ததாம். "பத்து வருஷம் நான் செஞ்சதுக்கு ஒரு அடையாளமும் இல்ல டீச்சர்" என்றாள்.

காய்ப்பு திரும்ப வரும். தினம் பத்து நிமிஷம் வாசித்தால் சில வாரங்களில் தோல் கெட்டிப்படும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் வாசித்து விரலைக் கிழித்துக்கொண்டால், பிறகு ஒரு வாரம் தொட முடியாது. புளிக்கரைசலில் கை வைக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். பஞ்சில் இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் தொட்டுத் தந்தியின்மேல் தடவிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் கமகத்துக்காக (ஸ்வரத்தை அசைப்பதற்காக) தந்தியை இழுக்க வேண்டாம். சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பாடங்கள், முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில் மட்டும். இவ்வளவு வாசித்தவள் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வாசிப்பதா என்று கூச்சம் வரும். பெரிய வித்வான்களும் காலையில் அதைத்தான் வாசிக்கிறார்கள்.

வலது கை நகம் இன்னொரு துக்கம். மீட்டுவதற்கு வளர்த்த நகத்தை, குழந்தையின் கன்னத்தில் கீறிவிடுமே என்று ஒட்ட வெட்டியிருப்பீர்கள். விரலில் மாட்டும், கம்பியில் செய்த நெளி போட்டு வாசிக்கலாம். அதன் நாதம் கொஞ்சம் கூர்மையாக இருக்கும். நகத்தின் மெத்தென்ற நாதத்துக்குப் பழகிய காதுக்கு முதலில் பிடிக்காது. இரண்டு வருஷம் நெளியில் வாசித்துவிட்டு மறுபடி நகத்துக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் சுளீர் என்று வலிக்கிறது. வீணையை நிறுத்திவிடவா?

பிள்ளை பெற்ற பெண்களுக்கு இந்த வலி மிகச் சகஜம். டாக்டர்கள் இதை 'டி கெர்வெய்ன்' என்பார்கள். கட்டைவிரலை விரித்து, குழந்தையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து ஒரு நாளைக்கு நூறு தடவை தூக்குகிறீர்களே, அதில் கட்டைவிரல் தசைநாணின் உறை வீங்கிக்கொள்கிறது. பழியை எல்லாரும் வீணைமேல் போடுவார்கள். குழந்தையின் முதுகுக்கும் புட்டத்துக்கும் கீழே உள்ளங்கை மேலே பார்க்கக் கை கொடுத்து, முழங்கையால் அள்ளித் தூக்கிப் பழகுங்கள். எலும்பு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒரு தடவை காட்டிவிடுங்கள். அவர் ஓய்வு கொடுக்கச் சொன்னால், இடது கையை விட்டுவிட்டு வலது கையால் பக்கவாட்டிலுள்ள தாளத்தந்தியை மட்டும் போட்டுப் பாடுங்கள். எந்தக் கையில் வலி என்பதைப் பொறுத்து மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று வருஷமாக வீணை மூலையில் கிடக்கிறது. எடுக்கவே பயமாக இருக்கிறது.

பயப்படும்படி அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆகியிருந்தாலும் சரிசெய்யக் கூடியதுதான்.

உறையைக் கழற்றியதும் தந்தியை முறுக்காதீர்கள். வாசிக்கும் தந்திகளில் முதல் இரண்டான சாரணியும் பஞ்சமமும் எஃகுத் தந்தி. துருப் பிடித்த எஃகைத் திடீரென்று இறுக்கினால் தெறித்து முகத்தில் அடிக்கும். குழந்தை பக்கத்தில் இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம். விரலால் தடவினால் கறுப்பாக ஒட்டுகிறதா? அப்படியானால் ஏழு தந்தியையும் மாற்றிவிடுங்கள். பிரடை (தந்தியை முறுக்கும் முளை) இறுகிக்கொண்டிருந்தால் சாக்பீஸ் தூள் தடவிச் சுற்றிப் பாருங்கள்.

அடுத்தது மேளம், அதாவது மெட்டுகளின் அமைப்பு. 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. நம் ஊர் சித்திரை வெயிலில், ஜன்னலோரம் இருந்த வீணையென்றால் மெழுகு இளகி மெட்டு அசைந்திருக்கும். சுருதி சேர்த்த பிறகும் மேல் ஷட்ஜத்தில் அபஸ்வரம் வந்தால், கை மறந்துவிட்டது என்று உங்களைத் திட்டிக்கொள்வீர்கள். என்னிடம் வந்த ஒருவர் இப்படி ஆறு மாதம் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். வீணையை வாங்கி வாசித்துப் பார்த்தேன். காந்தாரமும் தைவதமும் நகர்ந்திருந்தன. அவர் காதில் ஒரு பிசகும் இல்லை. மேளம் கட்டிக் கொண்டுவந்த அன்று வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மேளம் கட்டுவதற்குக் கையும் காதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. சரஸ்வதி பூஜைக்கு முந்தின வாரம் கேட்டால் கிடைக்கமாட்டார்கள். ஆடியிலேயே சொல்லிவையுங்கள்.

சரியானதும் மறுபடி உறைக்குள் போடாதீர்கள். கூடத்தில், நடக்கும்போது கண்ணில் படுகிற இடத்தில், ஒரு மெல்லிய துண்டை மட்டும் மேலே போட்டு வையுங்கள். உறையைக் கழற்றி, வீணையை எடுத்து, பாய் விரித்து, சுருதி சேர்ப்பதற்குப் பதினைந்து நிமிஷம் போய்விட்டால், கையிலிருந்த இருபது நிமிஷத்தில் என்ன மிஞ்சும்?

நேரமே இல்லையே?

இந்தக் கேள்வி எல்லாரிடமிருந்தும் வரும். இதற்குப் பதில் சொல்ல எனக்கே சில வருஷம் ஆனது.

ஒரு நாளில் இருபது நிமிஷம் எல்லா அம்மாவுக்கும் உதிரியாகக் கிடைக்கிறது. பால் கொடுக்கும்போது, குக்கர் விசில் வரும்வரை, வாசலில் பள்ளி வேனுக்காக நிற்கும்போது. கிடைக்காதது கை. பாட்டுக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாடலாம். படிக்கிறவள் ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளலாம். வீணைக்கு இரண்டு கையும் வேண்டும், மடியும் வேண்டும். சுரைக்காய் உட்காரும் அதே இடது தொடையில்தான் பிள்ளையும் உட்காருகிறது. அதனால் நீங்கள் வாசிக்க வேண்டுமென்றால் இன்னொருவர் கை பிள்ளையை வாங்கிக்கொண்டாக வேண்டும். "நேரம் வேண்டும்" என்று வீட்டில் சொன்னால் "எடுத்துக்கோயேன்" என்பார்கள், ஒன்றும் நடக்காது. "சாயங்காலம் ஆறு மணியிலேர்ந்து ஆறே காலுக்கு மேல அஞ்சு நிமிஷம் வரைக்கும் நீங்க பிள்ளையை வச்சுக்கணும்" என்று சொன்னால் நடக்கும். ஆள், மணி, எவ்வளவு நேரம் என்று மூன்றும் இருக்க வேண்டும்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சாதகம் செய் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பதினெட்டு வயதில் நானும் செய்தேன். ராத்திரி மூன்று தடவை எழுந்து பால் கொடுத்தவளுக்கு அந்த அறிவுரை வேண்டாம். அவளுக்கு அந்த நேரத்தில் தூக்கம்தான் சாதகம். உங்கள் குரு சொல்லியிருந்தாலும், இந்த இரண்டு வருஷத்துக்கு அதை ஒத்திவையுங்கள்.

உதிரி நேரங்களையும் விட்டுவிடாதீர்கள். பால் கொடுக்கும்போது வர்ணத்தின் ஸ்வரத்தை வாய்க்குள் முணுமுணுங்கள். இடது கை விரல்களைக் குழந்தையின் முதுகில் மெட்டுபோல வைத்து நகர்த்துங்கள். அதற்கும் தட்டிக்கொடுத்ததுபோல் இருக்கும். சின்னவள் பிறந்தபோது நான் அப்படித்தான் ஒரு பல்லவியை மறக்காமல் வைத்திருந்தேன். கையில் வீணை வந்த அன்று, பாதிக்கு மேல் நினைவிலிருந்து வந்தது.

கிடைத்த இருபது நிமிஷத்தில் முழு உருப்படி வாசிக்க ஆசைப்படாதீர்கள். ஒரே ஒரு ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு சுற்றை) எடுத்துக்கொண்டு, அந்த வாரம் முழுக்க அதையே வாசியுங்கள்.

வாசித்தால் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாதா?

பிறந்த முதல் மாதத்திலிருந்தே கேட்டுப் பழகிய பிள்ளை எழாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வெளிச்சத்தம் அதற்குக் கேட்கும். நீங்கள் அப்போது வாசித்திருந்தால் அது புதுச் சத்தமே இல்லை. ஒரு வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தால் சில நாள் எழும். பிறகு பழகிவிடும்.

தவழ ஆரம்பித்துவிட்டான். வீணைமேல் ஏறுகிறான், தந்தியை இழுக்கிறான்.

ஏறவிடாதீர்கள், வீணை சாய்ந்து விழுந்தால் குழந்தைக்கு அடிபடும். தொட விடுங்கள். பக்கத்தில் உட்கார வைத்து, தாளத்தந்தி மூன்றையும் அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வாசிக்க வாசிக்க அவன் அவற்றைத் தட்டிக்கொண்டிருப்பான். தாளம் சேராது, அதனால் என்ன?

"பிள்ளையைப் பார்க்காமல் என்ன வாசிப்பு வேண்டிக்கிடக்கு" என்று மாமியார் சொல்கிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். மாமியார் என்று மட்டும் இல்லை. சொந்த அம்மாவே சொல்வதும் உண்டு.

இதன் வேர் கொஞ்சம் பழையது. நம் ஊர் நடுத்தர வீடுகளில் பெண்ணுக்கு வீணையோ பாட்டோ சொல்லிக்கொடுத்ததே பல சமயம் பெண் பார்க்க வருபவர்களுக்காக. ஜமக்காளம் விரித்து, பஜ்ஜி சொஜ்ஜி வைத்து, பெண் ஒரு கீர்த்தனை வாசிப்பாள். கல்யாணம் முடிந்ததும் வீணையின் வேலை முடிந்தது. அந்தத் தலைமுறைப் பெண்கள் வீணையைக் கழற்றி வைத்தபோது யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று உங்களைத் தடுக்கிற மாமியாரும் அப்படி எதையோ கழற்றி வைத்தவராக இருக்கலாம்.

ஒரு மாணவியிடம் இதைச் சொன்னேன். அவள் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, "அத்தை, நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி என்ன செய்வீங்க?" என்று கேட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, "வில்லுப்பாட்டுல பின்பாட்டுப் பாடுவேன். எங்க அப்பாருக்குத்தான் தெரியும்" என்று வந்திருக்கிறது. அதற்காக மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணி ஆனால் அந்த அம்மாள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை போய்வர ஆரம்பித்தார். எதற்கு என்று சொல்லிக்கொள்ளவில்லை. இவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது. கேட்டும் இளகாத வீடுகள் உண்டு. அங்கே அனுமதிக்குக் காத்திருக்காமல், சமைப்பதுபோல, குளிப்பதுபோல, அன்றாட வேலைகளில் ஒன்றாக வாசித்துவிட்டு எழுந்திருங்கள்.

கணவர் "நான் உதவி பண்றேன்" என்கிறார். ஆனால் ஐந்து நிமிஷத்தில் குழந்தையோடு வந்து நிற்கிறார்.

பசியா, டயபரா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பையும் சேர்த்து அவரிடம் கொடுங்கள். முதல் ஒரு வாரம் அந்த இருபது நிமிஷமும் அவர் குழந்தையோடு வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். நீங்கள் கண்ணில் படும்வரை அழுகை உங்களை நோக்கித்தான் வரும். அவர் தகப்பன், உதவிக்கு வந்தவர் இல்லை.

குழந்தை அழுவதுபோலவே காதில் கேட்கிறது. வாசிக்கும்போது குற்ற உணர்ச்சி.

எனக்கும் கேட்கும். இல்லாத அழுகை கேட்டு இரண்டு தடவை பாதியில் எழுந்து ஓடியிருக்கிறேன். சில மாதத்தில் குறையும். முழுக்கப் போகுமா என்றால், என் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகும் வாசிக்கும்போது ஒரு காது வாசல் பக்கம்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். வாசிப்பை அது நிறுத்துவதில்லை.

வேலைக்கும் போகிறேன். பேறுகால விடுப்பில் நன்றாகச் சாதகம் செய்துவிடலாம் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

பேறுகால விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். கேட்க நிறைய நாள் மாதிரி இருக்கும். அது உடம்பு தேறுவதற்கும் பால் கொடுப்பதற்குமான காலம். அந்த மாதங்களில் வாசிக்கவில்லை என்று கணக்குப் பார்க்காதீர்கள். வேலைக்குத் திரும்பி, ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகுதான் பலருக்கு வீணை திரும்புகிறது. விடுப்பில் வாசித்தவர்களைவிட அவர்கள் நிலைத்து வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எதிலும் மனம் ஒட்டவில்லை. வீணையைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பிரசவமான முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூங்க வாய்ப்பு கிடைத்தும் தூக்கம் வராவிட்டால், குழந்தையிடம் ஒட்டுதலே வரவில்லை என்று தோன்றினால், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்தால், அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். அது நோய், அதற்கு மருத்துவம் இருக்கிறது. உங்கள் மகப்பேறு டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயமோ இருந்தால், தனியாக இருக்காமல் உடனே யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"வீணை வாசி, சரியாகிவிடும்" என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். என்னிடம் ஒருவர் இந்த நிலையில் வந்தபோது, விவரம் தெரியாமல் அப்படிச் சொல்லிவிட்டேன். அவரால் வாசிக்க முடியவில்லை. அதுவும் சேர்ந்து அவரை இன்னும் அழுத்தியது. முதலில் சிகிச்சை. வீணை காத்திருக்கும்.

முன்பு மாதிரி வாசிக்க வரவில்லை. என் வாசிப்பே மாறிவிட்டது.

வேகம் குறைந்திருக்கும். மூன்றாம் காலத்தில் கை தடுமாறும். அதைச் சாதகத்தால் மீட்கலாம். ஆனால் நான் திரும்பத் திரும்பக் கவனித்த ஒன்று உண்டு: திரும்பி வருகிற அம்மாக்களின் வாசிப்பில் ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கிறது. இருபது வயதில் நிரப்பித் தள்ளிய இடத்தில் இப்போது நிறுத்துகிறார்கள். ஒரு மீட்டில் எழுந்த நாதம் முழுக்கத் தேயும்வரை காத்திருக்கிறார்கள். வீணைக்கு அதுதான் வேண்டும்.

வீணை தனம்மாளை நினைத்துக்கொள்வேன். 1867-ல் பிறந்து 1938-ல் மறைந்தவர். நான்கு பெண்களுக்குத் தாய். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீணை வாசிப்பார். பெரிய வித்வான்களெல்லாம் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அந்தச் சன்னமான நாதத்தைக் கேட்க ஆளுக்கு ஆள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார்கள் என்பார்கள். பிற்காலத்தில் கண் பார்வை போய்விட்டது, பணக் கஷ்டமும் இருந்தது. அப்போதும் வாசித்தார். அவர் மகள் ஜெயம்மாள் பாட, ஜெயம்மாளின் மகள் பாலசரஸ்வதி ஆடினார். பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அந்த வீட்டுப் பாணியை மேடைக்குக் கொண்டுவந்தார்கள்.

"அவர் செய்தாரே, உன்னால் ஏன் முடியவில்லை?" என்று உங்களைக் குத்த இதைச் சொல்லவில்லை. இசையும் நடனமும் பெண்களின் தொழிலாகவே இருந்த குடும்பம் அது. அங்கே பிள்ளை பெற்றவள் வீணையைக் கழற்றி வைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வீடே இசையைச் சுற்றி அமைந்திருந்தது. பிள்ளைகள் அதற்கு நடுவே வளர்ந்தார்கள். வீடு அப்படி அமைந்தால் தாய்மையும் வீணையும் ஒன்றையொன்று தின்றுவிடுவதில்லை என்பதற்கு அந்த மூன்று தலைமுறை எனக்குச் சாட்சி. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வெள்ளிக்கிழமையை. என்ன நடந்தாலும் வாரத்தில் ஒரு சாயங்காலம், வீட்டிலேயே, யாராவது ஒருவர் கேட்க வாசிப்பது. எனக்குச் செவ்வாய்க்கிழமை. பக்கத்து வீட்டு மாமி வந்து உட்காருவார்.

மேடைக்குத் திரும்ப முடியுமா?

முடியும், அவசரப்படாமல். நவராத்திரி கொலுவுக்குப் போகிற வீட்டில் ஒரு பாட்டு வாசிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். பிறகு கோயிலில் அரை மணி. ஆகாசவாணி (வானொலி) கலைஞர் தேர்வில் வாசித்து ஏற்கெனவே பி கிரேடு வாங்கியிருந்தால், அதை விட்டுவிடாதீர்கள். மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். குழந்தையோடு பின்வரிசையில், கதவோரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். கேட்பதும் திரும்பி வருவதில் ஒரு பகுதிதான்.

எனக்கு வீணை இல்லை. நான் கதை எழுதுவேன் / கோலம் போடுவேன் / ஷட்டில் ஆடுவேன். இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். உங்களுடையதை உறைக்கு வெளியே, கண்ணில் படும்படி வையுங்கள். விளையாட்டென்றால் ஓட்டமும் குதிப்பும் தொடங்குமுன் இடுப்புத்தளத் தசைகளை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிக்கொள்ளுங்கள். இருமினால் சிறுநீர் கசிவதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆட்டத்தையே விட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பயிற்சி உண்டு.

என் மகளுக்கு ஐந்து வயது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதாதா? என் ஆசை அவள் மூலமாக நிறைவேறட்டுமே.

போதாது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

அவளுக்குப் பிடித்தால் சொல்லிக்கொடுங்கள். ஆனால் நீங்கள் வாசிக்காத வீணையை அவள் வாசித்துத் தீர்க்க முடியாது. என் சாயங்கால வகுப்பில், வகுப்பு முழுக்கக் கதவோரம் நின்று பிள்ளையின் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். பிள்ளை தப்பு வாசித்தால் அவர்கள் உதடு அசையும், இடது கை தானாக மடங்கும். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். அப்படி ஒரு அம்மாவை உள்ளே கூப்பிட்டு இன்னொரு வீணையின் முன்னால் உட்கார வைத்தேன். பதினொரு வருஷத்துக்குப் பிறகு வாசித்தார். ஒன்பது வயது மகள் தன் வீணையை நிறுத்திவிட்டு, "அம்மா, உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுவரை தெரியாது. இப்போது இரண்டு பேரும் வருகிறார்கள். மகள் சாயங்காலம், அம்மா காலை பத்தரைக்கு.

வகுப்புக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாமா?

வரலாம். கூடத்து உத்தரத்தில் தூளி கட்டக் கொக்கி இருக்கிறது. என் பிள்ளைகளுக்குப் போட்டது, நல்ல உறுதி. சேலையை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், நீங்கள் கட்டிப் பழகிய பழைய பருத்திச் சேலையாக. அம்மா வாசம் இருந்தால்தான் பிள்ளை தூங்கும்.